அளவுகோல் கொழும்பில், பாடசாலை பேசாலையில்

மத்திய அரசு விதிக்கும் பொறுப்புக்கூறலை மாகாணம் நிறைவேற்றும் வகை குறித்து ஒரு விசாரணை

வினாவும் அதன் எல்லையும்

பாடசாலையொன்று தன் கடமையைச் செய்கின்றதா என்பதை அளக்கும் கோலை ஓர் அதிகாரபீடம் வகுத்துக் கொடுக்க, அக்கோலைக் கொண்டு அளப்பதும், குறை கண்டவிடத்துக் காரணம் தேடுவதும், தேடிய காரணத்துக்குப் பரிகாரம் செய்வதும் வேறோர் அதிகாரபீடத்தின் பொறுப்பாகுமாயின், அவ்விரண்டுக்கும் நடுவே பிள்ளையின் படிப்புக்கு என்ன நேர்கின்றது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. கூட்டாட்சி நாடுகளில் இது பழகிய வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவிலே 2002ஆம் ஆண்டு முதலாகவும், இந்தியாவிலே 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்கு மாறிய காலம் முதலாகவும் இதுபற்றிய தர்க்கம் ஓய்ந்தபாடில்லை. இலங்கையோ அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையின்படி ஒற்றையாட்சி நாடு. ஆயினும் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் பாடசாலைப் பரிபாலனத்தின் பெரும்பகுதியை மாகாண சபைகளிடம் ஒப்புவித்தமையால், கூட்டாட்சிக்குரிய இச்சிக்கல், கூட்டாட்சிக்குரிய அதிகாரங்கள் துணைக்கு வாராமலே, நம் வாயிலிலும் வந்து நிற்கின்றது.

பேசாலையை நிலைக்களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. மன்னார்த் தீவின் வடகரையில், மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் செல்லும் வழியில், வெற்றி நாயகி ஆலயத்தைச் சூழ அமைந்த கடற்றொழிலாளர் ஊர் அது. அவ்வூர்ப் பாடசாலையின் கணக்கைக் கேட்பவர்களுள் வலயக் கல்விப் பணிப்பாளர் மன்னாரில் இருக்கிறார்; மாகாணக் கல்வி அமைச்சு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது; கணக்கு எப்படிக் கேட்கப்பட வேண்டும் என்று விதிப்பவர்கள் பத்தரமுல்லையிலுள்ள இசுருபாயவில் இருக்கிறார்கள். வடக்கும் கிழக்கும் இணைந்திருந்த காலத்தில் மாகாண நிர்வாகம் திருகோணமலையில் இருந்தமையால், நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குக் கோவைகள் பயணம் செய்தன. தூரம் என்பது இங்கே பூகோள விஷயம் மாத்திரமன்று.

பழைய கணக்கு

அளவுகோல் நடுவில், பாடசாலை கடையில் என்னும் ஏற்பாடு 1987இல் தோன்றியதன்று. 1865இல் நியமிக்கப்பட்ட மோர்கன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் ஸ்தாபிக்கப்பட்டபோது, மிஷன் பாடசாலைகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் முறையும் ஒழுங்கு செய்யப்பட்டது. சமயப் போதனையில் அரசாங்கம் தலையிடாது. லௌகிக பாடங்களிற் பிள்ளைகள் பெறும் தேர்ச்சிக்கேற்ப நன்கொடை அளிக்கும். இங்கிலாந்திலே 1862ஆம் ஆண்டின் கல்விக் கோவையால் புகுத்தப்பட்ட 'பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு' என்னும் முறையே இங்ஙனம் கடல்கடந்து வந்தது. வித்தியாதரிசி ஆண்டுக்கொரு முறை வந்து பிள்ளைகளைப் பரீட்சிப்பார். அன்றைய தேர்ச்சியே அவ்வாண்டின் பணம்.

இம்முறையின் குணதோஷங்கள் அக்காலத்திலேயே தெரிந்தவை. இங்கிலாந்தில் வித்தியாதரிசியாகப் பணியாற்றிய மத்தியூ ஆர்னல்ட் என்னும் கவிஞரே, இது போதனையை இயந்திரத்தனமாக்குகின்றதென்று தமது அறிக்கைகளில் ஆண்டாண்டாக முறையிட்டார். பரீட்சைக்குரியது கற்பிக்கப்படும், ஏனையது கைவிடப்படும். பரிசோதனை நாளில் வரக்கூடிய பிள்ளையின் மேல் ஆசிரியரின் கண் விழும், வராத பிள்ளை மறக்கப்படும். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்விரண்டு விளைவுகளையும் நாம் மீண்டும் சந்திக்க நேர்வது வியப்பன்று. அளவுகோலின் சுபாவம் மாறவில்லை.

மிஷன் பாடசாலைக்கு இன்னொரு முகமும் இருந்தது. மன்னார்க் கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் பாடசாலை முகாமைத்துவம் குருமாரின் கையில் இருந்தது. குருவானவர் கண்டிப்பானவரா, பட்சபாதம் உடையவரா என்பது வேறு விஷயம். ஆசிரியர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு ஊருக்குள்ளேயே ஓர் ஆள் இருந்தார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் உடைமையாக்கின. சமய எல்லைகளைக் கடந்து பிள்ளைகள் அனைவருக்கும் கதவு திறந்த மாற்றம் அது. அதன் நியாயத்தை இன்று மறுப்பாரில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஊரைவிட்டுப் போனதும் அதே மாற்றத்தினால் நேர்ந்தது. அவர் போன இடத்துக்கு இன்னும் ஒருவர் வந்து சேரவில்லை என்பதே இனி நாம் காணப்போவது.

பதின்மூன்றாம் திருத்தம் வகுத்த பங்கு

திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில், கல்விக்கென அமைந்த மூன்றாம் பின்னிணைப்பைக் கவனமாக வாசிப்பவருக்கு, அதனை எழுதியோர் கொடுத்த கையாலேயே பிடித்துக்கொண்டும் இருந்தனர் என்பது விளங்கும். விசேடமாகக் குறித்த பாடசாலைகள் நீங்கலாக ஏனைய அரச பாடசாலைகளுக்கு வசதி செய்து கொடுப்பதும் அவற்றின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வதும் மாகாணத்தின் பொறுப்பு. எனினும், கல்வி அமைச்சு வேண்டும் தராதரம் பேணப்படுவதை உறுதிசெய்யும் பொருட்டு, பாடசாலைகளைப் பரிசோதிக்கும் உரிமையை அவ்வமைச்சு தன்னிடமே வைத்துக்கொள்கின்றது. தராதரம் எது என்பதை மாகாணம் தீர்மானிப்பதில்லை. பாடத்திட்டம் 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகத்தின் கையில். கொள்கை 1991ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி ஆணைக்குழுவின் ஆலோசனையில். பரீட்சை பத்தரமுல்லையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில்.

விசேடமாகக் குறித்த பாடசாலைகளில் முதன்மையானவை தேசிய பாடசாலைகள். 2020ஆம் ஆண்டளவில் நாட்டிலிருந்த பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகளுள் அவை 373. எண்ணிக்கை சிறிதெனினும், மாவட்டந்தோறும் பெயர்பெற்ற பாடசாலைகள் பல அதனுள் அடங்கும். இப்பாடசாலைகளின் பெறுபேறு மாகாணத்தின் பெறுபேறாகப் பட்டியலில் ஏறும். அவற்றின் ஆசிரியரை இடமாற்றவோ அதிபரைக் கேள்வி கேட்கவோ மாகாணத்துக்கு அதிகாரமில்லை.

பணத்தின் கதையும் இவ்வாறே. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்பேரில் மத்திய அரசு வழங்கும் கொடையே மாகாணத்தின் பிரதான வருவாய். அதிற் பெரும்பகுதி சம்பளத்துக்குச் செலவாகிவிடும். சம்பளத் திட்டத்தை நிர்ணயிப்பது மத்தி. வலயப் பணிப்பாளர்களோ இலங்கைக் கல்வி நிர்வாக சேவை என்னும் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள். மாகாணத்தின் கீழ்ப் பணியாற்றினாலும் அவர்களுடைய பதவி உயர்வின் ஏணி கொழும்பிலே சார்த்தப்பட்டிருக்கிறது.

சுற்றுநிருபம் செல்லும் வழி

இத்தகைய பங்கீட்டின் மேல், 2006 முதல் உலக வங்கி முதலிய நிறுவனங்களின் ஆதரவுடன் நடைபெற்ற கல்வித்துறைச் சீர்திருத்தங்கள், பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தையும், அதனைத் தொடர்ந்து பாடசாலைகளின் உள்ளக மதிப்பீட்டையும் வெளிவாரி மதிப்பீட்டையும் கொண்டுவந்து சேர்த்தன. மாணவர் அடைவு, கற்றல் கற்பித்தல், கலைத்திட்ட முகாமைத்துவம், இணைப்பாடவிதானம், மாணவர் நலன், தலைமைத்துவம், பௌதிக வளம், சமூகத் தொடர்பு என்று துறை துறையாகப் பாடசாலை தன்னைத் தானே மதிப்பிட்டுப் புள்ளியிட வேண்டும். பின்னர் வலயத்திலிருந்து ஒரு குழு வந்து அதனைச் சரிபார்க்க வேண்டும். கைந்நூலை எழுதுவது மத்தி. குழுவை அனுப்புவது மாகாணம்.

ஏட்டளவில் இது பழைய வித்தியாதரிசி முறையினும் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. பரீட்சைப் புள்ளி ஒன்றையே பாராமல், பிள்ளையின் நலனையும் ஊரின் உறவையும் கருத்திற் கொள்ளும் மதிப்பீடு வரவேற்கத்தக்கதே. குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளக மதிப்பீட்டில் அதிபர் அதனை எழுதுவார். வெளிவாரி மதிப்பீட்டுக்கு வருபவர்களும் அதனை எழுதுவார்கள். ஆனால் அவ்வெற்றிடத்தை நிரப்பாதவர் யார்? மதிப்பிட வந்தவர்களின் அலுவலகமும், அதற்கு மேலுள்ள மாகாணத் திணைக்களமுமே. ஆகவே குற்றம் சாட்டப்பட வேண்டியவரே தீர்ப்பெழுதும் ஆசனத்தில் இருக்க, தீர்ப்பு அதிபரின் தலைமைத்துவத்தின் மேல் இறங்குகின்றது. அடுத்த ஆண்டும் படிவம் வரும்; அதே வெற்றிடம் அதே கட்டத்தில் எழுதப்படும்.

அதிகாரப் பகிர்வு அரைகுறையாய் நின்றமையே இதற்கெல்லாம் மூலம் என்பது தமிழ் அரசியல் வட்டாரங்களில் நிலவும் பிரதான அபிப்பிராயம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. மாகாண ஆசிரியர்களின் இடமாற்றம் மாகாணத்தின் கையிலேயே உள்ளது. அவ்வதிகாரத்தைக் கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேங்கும் ஆசிரியரை மன்னாருக்கும் மடுவுக்கும் முல்லைத்தீவுக்கும் அனுப்பி, அனுப்பியவரை அங்கே தங்கச் செய்வதற்கு, கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. தீவுக்கும் வன்னிக்கும் நியமனம் பெற்றோர் காலம் முடியுமுன்பே குடாநாடு திரும்பும் வழி தேடுவதும், அவ்வழி பலருக்குத் திறப்பதும், வடக்கிற் கல்விப் பணியிலுள்ள எவரும் அறிந்த சங்கதி. கொழும்பின் பாராமுகத்தை நாள்தோறும் எடுத்துரைக்கும் யாழ்ப்பாணம், மன்னாரின் விஷயத்தில் தானே ஒரு சிறு கொழும்பாக நடந்துகொள்கிறது என்று சொல்வது கசப்பாயிருக்கலாம்; பேசாலையிலிருந்து பார்ப்பவர்க்கு அது புதிதன்று.

பட்டியலிற் காணாத பிள்ளை

நடைமுறையில் பாடசாலையின் மானம் தங்கியிருப்பது மதிப்பீட்டுப் படிவத்திலன்று. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலும் க.பொ.த. சாதாரண தரத்திலும் வரும் பெறுபேற்றுப் பட்டியலிலேயே. வடமாகாணம் பட்டியலின் அடியில் நின்ற ஆண்டுகளில் எழுந்த பேச்சும் ஏச்சும் நினைவிருக்கும். அவ்வாறான காலங்களில் மாகாணம் வலயத்தையும், வலயம் கோட்டத்தையும், கோட்டம் அதிபரையும், அதிபர் ஆசிரியரையும் அழைத்து விளக்கம் கேட்பர். மேலதிக வகுப்பு, முன்னோடிப் பரீட்சை, கருத்தரங்கு என்று ஒரு பரபரப்பு மூளும். மத்தியின் கேள்வியை மாகாணம் உண்மையாகவே சிரமேற்கொண்டு நிறைவேற்றும் இடம் இதுவே.

ஆனால் அப்பட்டியல் எதன்மேல் எழுந்தது? உயர்தரத்துக்குத் தகுதி பெற்றோரின் சதவீதம், பரீட்சைக்குத் தோற்றியோரை அடியாகக் கொண்டு கணிக்கப்படுகின்றது. ஒன்பதாம் தரத்திலோ பத்தாம் தரத்திலோ புத்தகத்தை வைத்துவிட்டுத் தந்தையின் வள்ளத்தில் ஏறிய பையன் பரீட்சைக்குத் தோற்றவில்லை. ஆகையால் அவன் சித்தியடையாதவனும் அல்லன். அவன் கணக்கிலேயே இல்லை. அவ்வாறான பையன்கள் பெருகப் பெருக, மிஞ்சியிருந்து தோற்றுவோர் படிப்பிலே பிடிப்புள்ளவர்களாக இருப்பராதலின், பாடசாலையின் சதவீதம் ஏறவும் கூடும். கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியில் 14 ஆகவும் 2016இல் 16 ஆகவும் வகுக்கப்பட்டு, வரவைக் கண்காணிக்கக் கிராம மட்டத்திற் குழுக்களும் ஏற்படுத்தப்பட்டன. எனினும் இடைவிலகல் ஓர் அறிக்கையிலும் பெறுபேறு வேறோர் அறிக்கையிலும் நிற்க, இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதி ஒரே பாடசாலையின் கணக்காகக் காட்டும் கடப்பாடு யாருக்கும் இல்லை. என் அபிப்பிராயத்தில், நமது பொறுப்புக்கூறலின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான்; இதனை அடைக்க அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

பேசாலைக்கு இது விசேடமாகப் பொருந்துவதற்குக் காரணம் அவ்வூரின் தொழிலும் சரித்திரமும். கடற்றொழிற் குடும்பத்தின் வருமானம் காற்றோடும் பருவத்தோடும் ஏறி இறங்குவது. பாக்குநீரிணையில் இந்திய இழுவைப்படகுகள் வந்து வலைகளை அறுத்துச் செல்லும் இரவுக்குப் பின், ஒரு கை கூடுதலாக வேண்டும் என்று வீடு நினைப்பதிற் புதுமையில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் கேளாமல் கரைக்கு வந்த மீனை மாத்திரம் நிறுத்து வலைஞனின் திறமையைத் தீர்மானிப்பவரைத் தொழிலறிந்தோர் நகைப்பர். பாடசாலையின் விஷயத்தில் நாம் அதனையே முறையாக வைத்திருக்கிறோம். போர்க்காலத்திலோ நிலைமை இன்னும் மோசம். 1990இல் தீவின் கரைகளிலிருந்து குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலான ஊர்களின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போயினர். 2006 ஜூனில் பேசாலை ஆலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மீதே தாக்குதல் நடந்தது. திரும்பி வந்த பிள்ளைகளுட் சிலர் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற் படித்தவர்கள்; சிலர் புத்தளத்தில் ஒரு காலும் மன்னாரில் ஒரு காலுமாக நின்றவர்கள். இவர்களைச் சேர்த்துக்கொண்ட பாடசாலை, சேர்த்த காரணத்தாலேயே பட்டியலிற் கீழிறங்க நேரும். சேர்க்கும்போது பிள்ளை எங்கே நின்றது, விடும்போது எங்கே நிற்கிறது என்னும் இரண்டையும் ஒப்பிடும் முறை இருந்திருப்பின், அப்பாடசாலைகளுட் சில நாட்டின் சிறந்த பாடசாலைகளெனப் பெயர் பெற்றிருக்கவும் கூடும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் மாதிரி முறையில் நடத்திவரும் அடைவு மதிப்பீடுகள் மாகாணங்களின் நிலையை ஒப்பிட உதவுவன. ஆனால் மாதிரி முறையாதலின் அவற்றைக் கொண்டு தனியொரு பாடசாலையைப் பற்றி எதுவும் சொல்லல் இயலாது.

பிற தேசங்களின் அனுபவம்

மாகாணமே தராதரத்தையும் வகுத்துக்கொள்ளட்டும் என்று வாதிடுவோர் அமெரிக்க அனுபவத்தை நோக்குதல் நன்று. 2002 ஜனவரியிற் கையொப்பமான சட்டம், 2014க்குள் மாணவர் அனைவரும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி பெற வேண்டுமென விதித்தது. தேர்ச்சி என்பது எது என்பதை மட்டும் மாநிலங்களின் விருப்புக்கு விட்டது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. மாநிலங்கள் பல தம் சித்திப் புள்ளியைத் தாழ்த்தி வைத்தன. அவற்றின் சொந்தப் பரீட்சையில் தேர்ந்தவர் தொகைக்கும், மாதிரி முறையிலான நாடளாவிய பரீட்சையில் தேர்ந்தவர் தொகைக்கும் இடையே பெரும் பள்ளம் கண்டது. 2011 முதல் மத்திய அரசே மாநிலங்களுக்கு விலக்களிக்கத் தொடங்கி, 2015 டிசம்பரிற் புதிய சட்டம் இயற்றியது. அதன்படி, அளவுகளின் தொகுதியை மாநிலம் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் பரீட்சைப் புள்ளிக்கு அப்பாலும் ஓர் அளவு இருத்தல் வேண்டும். மத்திய உதவி பெறும் பாடசாலைகளில் அடிமட்டத்து ஐந்து சதவீதத்தையும், மாணவருள் மூன்றிலொரு பங்கினரோ அதற்கு மேற்பட்டோரோ முடிக்காமற் போகும் உயர்நிலைப் பள்ளிகளையும் இனங்கண்டு உதவ வேண்டும். 95 சதவீத மாணவராவது பரீட்சைக்குத் தோற்ற வேண்டும்.

நமக்குப் பாடம் கடைசி இரண்டிலும் இருக்கிறது. நலிந்த பிள்ளையை ஒதுக்கிவைத்துச் சதவீதத்தை உயர்த்தும் தந்திரத்தை அவர்கள் கண்டு, தோற்றாத பிள்ளையையும் முடிக்காத பிள்ளையையும் கணக்கினுட் கொண்டுவந்தனர். சட்டம் எல்லா மாநிலங்களிலும் ஒருங்கே நன்கு நிறைவேறியது என்று யாரும் சொல்லார். என்றாலும் வினா சரியானது. மறுபுறம், பேசாலைப் பிள்ளை பெறும் 'ஏ' சித்தியும் கொழும்புப் பிள்ளை பெறும் 'ஏ' சித்தியும் ஒரே பெறுமதியுடையன என்பது, பொதுப் பரீட்சை நமக்குத் தந்த வரம். வறிய மாகாணத்தின் பிள்ளைக்கே அது கூடுதலாக வேண்டும். ஆகவே தராதரம் மத்தியில் இருப்பதை நான் குறையெனக் கொள்ளவில்லை.

நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் வேறொரு காட்சி. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குரிய ஒப்பந்தத்தில் மாநிலம் கையொப்பமிடாமையால், அவ்வரசு 2024-25ஆம் ஆண்டின் சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக்கல்வி நிதியை நிறுத்திவைத்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்காக மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அங்கே மாநிலத்துக்கு மறுக்கும் வலிமை இருக்கிறது. மறுப்பின் செலவு பள்ளிகளின் மேல் விழுகிறது. இங்கே மாகாணத்துக்கு மறுக்கும் வலிமையும் இல்லை, மறுக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. சுற்றுநிருபம் வந்தால் முகப்புக் கடிதம் ஒன்றை இணைத்து அடுத்த படிக்கு அனுப்பிவிடலாம். இணக்கத்தைக் கொண்டு பார்த்தால் வடமாகாணம் எந்த அமெரிக்க மாநிலத்துக்கும் இளைத்ததன்று!

பதில் யாருக்கு?

மேற்கூறியவற்றை வைத்து நான் கொள்ளும் முடிபு இது. மத்தி விதிக்கும் பொறுப்புக்கூறலை மாகாணம் நிறைவேற்றாமல் இல்லை. ஒரு திசையில் மாத்திரம் நிறைவேற்றுகின்றது. பாடசாலை வலயத்துக்கும், வலயம் மாகாணத்துக்கும், மாகாணம் மத்திக்கும் பதில் சொல்கின்றன. வெற்றிடம் நிரம்பாமைக்கு வலயம் பாடசாலைக்குப் பதில் சொல்வதில்லை. இடமாற்றத்தின் அநீதிக்கு மாகாணம் மன்னாருக்குப் பதில் சொல்வதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்கு வரும் தாய்மார் கேட்கக்கூடிய ஒரே ஆள் அதிபர். அவரிடமோ ஆசிரியரும் இல்லை, பணமும் இல்லை.

மாகாணம் தன் சொந்த அதிகாரத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை சில உண்டு. முதலாம் தரத்திற் சேர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் பதினோராம் தரம் வரை வந்து பரீட்சைக்குத் தோற்றினர் என்பதைப் பெறுபேற்றோடு சேர்த்துப் பாடசாலைவாரியாக வெளியிடலாம். வெற்றிடங்களையும் அவை நிரம்பாதிருந்த மாதங்களையும், நிரப்பக் கடமைப்பட்ட அலுவலரின் பதவிப்பெயரோடு, அதே ஏட்டில் அச்சிடலாம். வெளிவாரி மதிப்பீட்டுக்கு அந்தந்த வலயத்தாரை விடுத்து வேறு வலயத்தாரை அனுப்பலாம். 2014இல் வடமாகாணம் தன் கல்வி முறைமையைத் தானே மீளாய்வு செய்ய முனைந்தது. அம்முயற்சி காட்டுவது, சுய விசாரணைக்குரிய விருப்பமும் ஆற்றலும் இங்கே இல்லாமற் போகவில்லை என்பதே.

இத்தகைய அறிக்கையை யாரிடம் சமர்ப்பிப்பது என்பதே எஞ்சும் கேள்வி. மக்கள் தெரிந்த உறுப்பினர்கள் கூடி, மன்னாரின் பிரதிநிதி எழுந்து, கல்வி அமைச்சரைக் கேட்டு, அமைச்சர் விடை சொல்லக் கடமைப்பட்ட ஒரு சபையிலன்றோ அது சமர்ப்பிக்கப்பட வேண்டும்? வடமாகாண சபைக்கான முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21ஆம் தேதி நடைபெற்றது. அச்சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் மாகாணம் ஆளுநரின் நிர்வாகத்தில் இருக்கிறது. இரண்டாவது தேர்தல் இன்னும் நடத்தப்படவில்லை.